கண் உலர்வுக்கு எந்தச் சொட்டு மருந்து? கடைக்குப் போகுமுன் ஓர் ஒப்பீடு

வடபழனியில் நான் மருந்தாளுநராக வேலை பார்க்கும் கடைக்குக் கண் எரிச்சலோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் கேட்பது ஒரே கேள்விதான்: “எந்தக் கம்பெனி டிராப்ஸ் நல்லதுக்கா?” பதில் சொல்வதற்கு முன் நான் மூன்று விஷயம் கேட்பேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை விடுவீர்கள்? காண்டாக்ட் லென்ஸ் போடுவீர்களா? கண்ணுக்கு வேறு ஏதாவது மருந்து விட்டுக்கொண்டிருக்கிறீர்களா? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் எந்த வகைப் பாட்டில் என்பது ஏறக்குறைய முடிவாகிவிடும். கம்பெனிப் பெயர் அதற்கப்புறம்தான்.

நான் இங்கே பேசப்போவது செயற்கைக் கண்ணீர் எனப்படும் சொட்டு மருந்துகளைப் பற்றி. உலர்ந்த கண்ணின் மேல் ஈரப்படலம் ஒன்றைத் தற்காலிகமாகப் போர்த்துவதுதான் இவற்றின் வேலை. கிருமியைக் கொல்லாது, அலர்ஜியை நிறுத்தாது, பவரைக் குறைக்காது. இதைத் தெளிவாக வைத்துக்கொண்டால் தேர்வு சுலபம்.

“சென்னையில புழுக்கம் தாங்கல, இதுல கண்ணு எப்படிக்கா காயும்?” என்று கேட்பார்கள். வெளியே புழுக்கம்தான். ஆனால் ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த ஓ.எம்.ஆர். பக்கம் வேலை செய்பவர் நாளில் பாதியை ஏசிக் காற்றில் கழிக்கிறார். அந்தக் காற்றில் ஈரம் குறைவு. அதோடு கம்ப்யூட்டரையோ போனையோ உற்றுப் பார்க்கும்போது நாம் கண் இமைப்பது பாதிக்கும் கீழே போய்விடுகிறது. இமைக்க இமைக்கத்தான் கண்ணீர்ப் படலம் புதுப்பிக்கப்படும். ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டி ஓட்டுபவருக்குக் காற்றும் தூசியும் சேர்ந்து அதே வேலையைச் செய்கின்றன. அலர்ஜிக்குத் தினமும் செட்ரிசின் போடுபவர்கள், முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் சாப்பிடும் பிள்ளைகள், மாதவிடாய் நின்ற பெண்கள், முடக்குவாதமோ சர்க்கரையோ உள்ளவர்கள் எல்லாருக்கும் கண் உலர்வு வர வாய்ப்பு அதிகம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கண்ணில் தண்ணீராகக் கொட்டுவதும் உலர்வின் அறிகுறியாக இருக்கலாம். காய்ந்து உறுத்தும் கண் திடீரென்று நிறைய நீரைச் சுரக்கும். அந்த நீர் கண்ணில் நிற்காமல் வழிந்துவிடும். மண் விழுந்ததுபோல் உறுத்தல், எரிச்சல், சாயங்காலமானால் அதிகமாவது எல்லாம் உலர்வு பக்கம். அரிப்புதான் முதன்மை என்றால் அது பெரும்பாலும் அலர்ஜி. அதற்கு இந்த மருந்துகள் கொஞ்சம் கழுவிவிடுமே தவிர வேறொன்றும் செய்யாது.

உள்ளே இருக்கும் பொருள்

அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் சில பெயர்கள்தான் மாறி மாறி வரும். கார்பாக்சிமெத்தில்செல்லுலோஸ், கடைக்காரர்கள் வாயில் சி.எம்.சி.; ஹைப்ரோமெல்லோஸ்; பாலிஎத்திலீன் கிளைக்கால், புரொப்பிலீன் கிளைக்கால் ஜோடி; சோடியம் ஹயலூரோனேட்; பாலிவினைல் ஆல்கஹால். இவற்றில் எது உசத்தி? மருந்துக்கடை கடைக்காகச் சொல்லும், கம்பெனிப் பிரதிநிதி கம்பெனிக்காகச் சொல்வார். மருத்துவச் சோதனைகளைத் திரட்டி மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு 2016-ல் 43 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலானவை ஒன்றுக்கொன்று ஏறக்குறையச் சமமான பலனையே தருகின்றன என்றுதான் தெரிந்தது. ஆகவே லேசான உலர்வுக்கு 0.5% சி.எம்.சி. போதும் என்பது என் கருத்து. அது எளிதில் கிடைக்கிறது, விலையும் கட்டுப்படியாகும். 1% கொஞ்சம் கெட்டி. அதிக நேரம் நிற்கும், ஆனால் விட்டவுடன் சில நிமிடம் பார்வை மங்கும். ஹயலூரோனேட் ஈரத்தைப் பிடித்து வைப்பதில் நல்ல பெயர் எடுத்தது. சி.எம்.சி. ஒத்துவராதவர்களுக்கு அடுத்த படியாக நான் அதைத்தான் எடுத்துக் கொடுப்பேன்.

ஒரே சி.எம்.சி. 0.5%, பெயரைப் பொறுத்து விலை ஒன்றுக்கு இரண்டாக மாறும். மக்கள் மருந்தகத்திலோ, 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலோ போய், பிராண்டைச் சொல்லாமல் மருந்தின் பெயரையும் சதவீதத்தையும் சொல்லிக் கேளுங்கள். இருப்பு இருந்தால் பணம் மிச்சம்.

உண்மையான வித்தியாசம் எங்கே

வித்தியாசம் இருப்பது பிரிசர்வேடிவில், அதாவது பாட்டிலைத் திறந்த பிறகு உள்ளே கிருமி வளராமல் தடுக்கச் சேர்க்கும் பொருளில். ஒப்பீட்டின் மையமே இதுதான் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் வகை, பென்சல்கோனியம் குளோரைடு சேர்த்தது. லேபிளில் பி.ஏ.கே. என்றோ, முழுப் பெயரிலோ பொடி எழுத்தில் இருக்கும். கிருமியின் மேல்தோலை உடைத்துக் கொல்லும் பொருள் இது. அடிக்கடி விட்டால் அதே வேலையைக் கருவிழியின் மேலடுக்குச் செல்களிலும் காட்டும். எப்போதாவது, நாளைக்கு ஒன்றிரண்டு தடவை, சில நாட்களுக்கு என்றால் கெடுதல் பெரிதாக இல்லை. ஆனால் கண் உலர்வு சில நாளில் முடிகிற சமாச்சாரமா? மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் விட வேண்டியிருக்கும். எரிச்சல் என்று விட்டு, விட்டதாலேயே எரிச்சல் அதிகமாகி, இன்னும் அடிக்கடி விட்டு வருபவர்களைப் பார்க்கிறேன். அவர்களுக்கு மருந்தை நிறுத்தச் சொல்ல வேண்டியதில்லை. வகையை மாற்றினால் போதும்.

இரண்டாவது, மென்மையான பிரிசர்வேடிவ் உள்ளவை. ஸ்டெபிலைஸ்டு ஆக்சிகுளோரோ காம்ப்ளெக்ஸ், சோடியம் பெர்போரேட், பாலிகுவாட்டர்னியம் என்ற பெயர்களைத் தேடுங்கள். முதல் இரண்டும் கண்ணில் பட்டபின் உப்பு, நீர், ஆக்சிஜன் போன்ற சாதுவான பொருள்களாக உடைந்துவிடும். விலை கொஞ்சம் கூட. ஒரு நாளைக்கு நான்கு தடவை வரை விடுபவர்களுக்கு, வேறு கண் மருந்து இல்லாதவர்களுக்கு, இது நல்ல நடுவழி. கடையில் வருகிறவர்களில் பலருக்கும் நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

மூன்றாவது, பிரிசர்வேடிவே இல்லாதது. நான்கு தடவைக்கு மேல் தேவைப்படுகிறவர்கள், பிரிசர்வேடிவ் ஒத்துக்கொள்ளாதவர்கள், கண் அழுத்த நோய்க்கு (குளுக்கோமா) ஏற்கெனவே தினமும் மருந்து விடுபவர்கள் இதற்கு வர வேண்டும். கண் அழுத்த மருந்துகள் பலவற்றில் பென்சல்கோனியம் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு மேல் இன்னொரு பாட்டிலில் இருந்தும் அதையே சேர்த்தால் கண் தாங்காது.

இதிலும் இரண்டு வடிவம் உண்டு. ஒன்று, சின்னச் சின்ன பிளாஸ்டிக் குப்பிகள். தலையைத் திருகிப் பிய்த்து, விட்டுவிட்டு, மீதியைத் தூக்கிப் போட வேண்டும். “இவ்ளோ மிச்சம் இருக்கே, சாயங்காலம் விட்டுக்கலாமே” என்று மூடி போட்டு வைப்பது வேண்டாம். அதில் கிருமியைத் தடுக்க ஒன்றுமே இல்லை. மூட்டுவலி உள்ள விரல்களுக்கு அந்தத் தலையைத் திருகுவது சிரமம் என்பதையும் வாங்கும்போதே யோசியுங்கள். மற்றொன்று, காற்று உள்ளே திரும்பாதபடி வால்வு வைத்த பாட்டில். விலை அதிகம், ஆனால் ஒரு பாட்டில் பல வாரம் வரும். அமுக்க கொஞ்சம் பலம் வேண்டும். திறந்தபின் எத்தனை நாள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பெட்டியில் போட்டிருப்பதே கணக்கு.

பிரிசர்வேடிவ் இல்லை என்றாலே பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு 2023-ல் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும், அதுவும் நம் ஊரை ஒட்டி நடந்தது. சென்னைக்கு வெளியே ஓர் ஆலையில் தயாராகி அமெரிக்காவில் விற்ற செயற்கைக் கண்ணீர் மருந்து ஒன்று அந்த பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது. மருந்துக்குக் கட்டுப்படாத சூடோமோனாஸ் கிருமித் தொற்றை அதனோடு தொடர்புபடுத்தினார்கள். அங்கே 18 மாநிலங்களில் 81 பேருக்குத் தொற்று; 4 பேர் இறந்தார்கள்; 14 பேருக்குப் பார்வை போனது; 4 பேருக்குக் கண்ணையே எடுக்க வேண்டியிருந்தது. அது பலமுறை திறந்து மூடும் பாட்டிலில் வந்த மருந்து. அதில் போதுமான பிரிசர்வேடிவ் இல்லை என்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு குறைகளில் ஒன்றாகச் சொன்னது. இதைப் படித்துவிட்டுச் சொட்டு மருந்தே வேண்டாம் என்று பயப்படத் தேவையில்லை. பிரிசர்வேடிவ் இல்லாத மருந்து ஒருமுறைக் குப்பியிலோ வால்வு வைத்த பாட்டிலிலோ இருக்க வேண்டும். சாதாரண மூடி போட்ட பாட்டிலில் இருந்தால் வாங்காதீர்கள். சீல் உடைந்திருந்தாலும், உள்ளே கலங்கலாகத் தெரிந்தாலும் அங்கேயே திருப்பிக் கொடுங்கள்.

ஜெல்லும் ஆயின்ட்மென்டும் ராத்திரிக்கு உரியவை. பார்வையை மங்கலாக்கும் என்பதால் போட்டுக்கொண்டு வண்டி எடுக்கக் கூடாது. ஃபேனுக்கு நேர் கீழே படுத்து, காலையில் கண்ணைத் திறக்கவே ஒட்டிக்கொள்கிறது என்பவர்களுக்கும், தூக்கத்தில் கண் முழுசாக மூடாதவர்களுக்கும் பகல் சொட்டைவிட இதுதான் உதவும். ஃபேனைக் கொஞ்சம் நகர்த்துவதும் உதவும், அதற்குக் காசில்லை.

ஒப்பீட்டிலேயே வரக் கூடாதவை

“கண்ணு செவந்திருக்கு, ஏதாவது டிராப்ஸ் குடுங்க” என்று கேட்டால் சில கடைகளில் எதுவும் கேட்காமல் ஒரு பாட்டிலை எடுத்து நீட்டிவிடுகிறார்கள். என் தொழிலில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். அந்தப் பாட்டில் இரண்டில் ஒன்றாக இருக்கலாம்.

ஒன்று, சிவப்பைப் போக்கும் சொட்டு. நாஃபசோலின் மாதிரியான பொருள் ரத்தக்குழாயைச் சுருக்கிக் கண்ணை வெள்ளையாகக் காட்டும். மருந்தின் வேகம் இறங்கியதும் குழாய் மறுபடி விரிந்து முன்னைவிடச் சிவக்கும். மறுபடி விடுவார்கள், மறுபடி சிவக்கும். உலர்வுக்கு இதில் பலன் இல்லை. குறுகிய கோணம் உள்ள கண் அழுத்த நோயாளிகளுக்கு ஆபத்து. சின்னக் குழந்தை எடுத்துக் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து, எட்டாத இடத்தில் வையுங்கள்.

இரண்டாவது ஸ்டீராய்டு. டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன், ஃப்ளோரோமெத்தோலோன், லோடெப்ரெட்னால். பெரும்பாலும் ஆன்டிபயாடிக்கோடு சேர்ந்து வரும். விட்ட அன்றே சிவப்பு அடங்கி, அருமையான மருந்து என்று தோன்றும். தொடர்ந்து விட்டால் கண் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பைத் தின்னும், புரை வரும். கண்ணில் பூஞ்சையோ ஹெர்பீஸ் வைரஸோ இருந்தால் நாட்களிலேயே நிலைமை மோசமாகும். மருத்துவர் கணக்குப் பார்த்துக் கொடுக்கும்போது இது தேவையான மருந்து. புரை ஆபரேஷனுக்கு அம்மாவுக்குக் கொடுத்த பாட்டில் ஃப்ரிட்ஜில் மிச்சம் இருக்கிறதே என்று மகன் எடுத்து விட்டுக்கொள்வதுதான் விபரீதம். பெயரின் வாலில் ‘சோன்’, ‘லோன்’, ‘ப்ரெட்னால்’ என்று வந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

பாட்டி வைத்தியத்தையும் விட்டுவிட முடியாது, ஏனென்றால் பல வீட்டில் அதுதான் முதல் மருந்து. நந்தியாவட்டைப் பூவை மூடிய இமையின் மேல் வைத்துக் கொள்வது குளிர்ச்சியாக இருக்கும், தடுக்க மாட்டேன். பிழிந்து சாற்றைக் கண்ணுக்குள் விடுவது வேறு. தாய்ப்பால், பன்னீர், தேன், விளக்கெண்ணெய் எதையும் கண்ணுக்குள் விட வேண்டாம். சமையலுக்கும் பூஜைக்கும் வாங்கும் பொருள் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் கண்ணுக்குத் தேவையான கிருமியற்ற நிலையில் இருக்காது. இளஞ்சூடான துணியை மூடிய கண்ணின் மேல் ஐந்து, பத்து நிமிடம் வைத்து எடுப்பது நல்லது; இமை ஓரத்து எண்ணெய்ச் சுரப்பிகளின் அடைப்பு இளகும்.

விடும் முறை

சரியான பாட்டிலை வாங்கிவிட்டு விடும் விதத்தில் கெடுத்துக்கொள்வது நிறைய நடக்கிறது. “சரியாத்தான்மா விடுறேன்” என்று ஒரு பெரியவர் கடையிலேயே விட்டுக் காட்டினார். பாட்டில் முனை இமை முடியில் அழுந்தி நின்றது. மூடியைத் திருப்பிப் பார்த்தால் முனையைச் சுற்றி வெள்ளையாகப் பொறுக்குத் தட்டியிருந்தது. அப்படித் தொட்டால் இமையில் இருக்கும் கிருமி பாட்டிலுக்குள் போகும்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, தலையைப் பின்னால் சாய்த்து, கீழ் இமையை இழுத்து ஒரு பள்ளம் மாதிரி ஆக்கி, முனை எதையும் தொடாமல் ஒரே ஒரு சொட்டு. கண்ணில் தங்கக்கூடிய அளவே சுமார் 30 மைக்ரோலிட்டர். ஒரு சொட்டு 30 முதல் 50 வரை இருக்கும். இரண்டாவது சொட்டு கன்னத்துக்குத்தான் போகும். கை நடுங்கினால் படுத்துக்கொண்டு விடலாம், அல்லது வீட்டில் ஒருவர் விடலாம். கண்ணை மெதுவாக மூடி ஒரு நிமிடம் இருங்கள். படபடவென்று சிமிட்டினால் மருந்து வெளியே வந்துவிடும். வேறு மருந்தும் இருந்தால் நடுவில் ஐந்து நிமிடமாவது இடைவெளி விடுங்கள். ஜெல்லோ ஆயின்ட்மென்டோ கடைசியில். லென்ஸ் போடுபவர்கள் கழற்றிவிட்டு மருந்து விட்டு, கால் மணி நேரம் கழித்துப் போடுங்கள். மென்மையான லென்ஸ் பென்சல்கோனியத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் கண்ணில் விடும்.

பாட்டிலைத் திறந்த தேதியைப் பேனாவால் அதன் மேலேயே எழுதுங்கள். சாதாரணப் பாட்டில் என்றால் ஒரு மாதத்தில் மீதி இருந்தாலும் கொட்டிவிட வேண்டும். பெட்டியில் இருக்கும் காலாவதித் தேதி திறக்காத பாட்டிலுக்கு. ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைக்காதீர்கள், அக்னி நட்சத்திர வெயிலில் அதற்குள் என்ன சூடு என்று உங்களுக்கே தெரியும். ஒரு பாட்டில் ஒருவருக்கு. மெட்ராஸ் ஐ சீசனில் வீட்டில் ஆளுக்காள் ஒரே பாட்டிலை விடுவது கிருமியைப் பந்தி வைப்பது போலத்தான். சூப்பர் க்ளூ டியூபைக் கண் மருந்து இருக்கும் அலமாரியில் வைக்கவே வைக்காதீர்கள்; அவசரத்தில் மாற்றி விட்டவர்கள் உண்டு.

சரி, யாருக்கு எது? ஐ.டி. வேலையில் சாயங்காலம் மட்டும் எரிகிறது என்றால் மென்மையான பிரிசர்வேடிவ் உள்ள 0.5% சி.எம்.சி., அதோடு இருபது நிமிடத்துக்கு ஒருமுறை திரையிலிருந்து கண்ணை எடுத்துத் தூரத்தில் பார்த்து முழுசாக இமைப்பது. சாப்பாடு டெலிவரிக்கு நாள் முழுக்க வண்டியில் இருப்பவர் முதலில் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கட்டும். அப்புறம் சொட்டு, அதே வகை போதும். ஹாஸ்டலில் இருந்து லென்ஸ் போடும் பெண்ணுக்குப் பிரிசர்வேடிவ் இல்லாத குப்பி. கண் அழுத்த மருந்து விடும் அப்பாவுக்கும் பிரிசர்வேடிவ் இல்லாததுதான், கை நடுங்கினால் குப்பியைவிட வால்வுப் பாட்டில் வசதி. முடக்குவாதம் உள்ள அம்மாவுக்கு வாயும் சேர்ந்து உலர்கிறது என்றால் கடையில் நிற்காமல் மருத்துவரிடம் போங்கள்; அது வேறு நோயாக இருக்கலாம். ஆபரேஷன் முடிந்து சில வாரத்துக்குள் இருப்பவர்கள், லேசிக் ஆனாலும் புரையானாலும், செய்த மருத்துவரைக் கேட்காமல் எதையும் கூடுதலாக விடக் கூடாது.

வலி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, பார்வை மங்கல், கெட்டியான பீளை, ஒரு கண் மட்டும் ரத்தமாகச் சிவப்பது, விளக்கைச் சுற்றி வளையத்தோடு தலைவலி, வாந்தி, லென்ஸ் போடுபவருக்குச் சிவப்பு: இதில் எது இருந்தாலும் சொட்டு மருந்து வாங்கி ஒத்திப்போடாதீர்கள். சுண்ணாம்போ ஆசிட்டோ பட்டால் முதலில் ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடமாவது கழுவிவிட்டு ஓடுங்கள். எழும்பூரில் 1819-ல் தொடங்கிய அரசு கண் மருத்துவமனை இன்றும் இயங்குகிறது. அங்கேயோ உங்களுக்குத் தெரிந்த கண் மருத்துவரிடமோ போகும்போது, வீட்டில் விட்டுக்கொண்டிருந்த பாட்டில்கள் எல்லாவற்றையும், காலியானதையும் சேர்த்து, ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள்.